நூல் அறுபடவில்லை

ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படி வந்த ஒரு நாள், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் என்னை லிஃப்ட் வாசலில் வழிமறித்து, "தசைநாண் தைக்க எந்த நூல் மேடம் பெஸ்ட்?" என்று கேட்டீர்கள். நான் பெயரைச் சொன்னால் உடனே குறித்துக்கொள்ள போனையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். இதே கேள்வியை இதே உற்சாகத்தோடு நாங்களும் கேட்டுத் திரிந்தோம். பதில் எங்களுக்கு ரேவதியின் முழங்காலில் கிடைத்தது. அதைச் சொல்கிறேன். நூலின் பெயரை அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரேவதி கோடம்பாக்கத்துப் பெண். சினிமாவில் குரூப் டான்ஸர். கதாநாயகனுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு ஒரே மாதிரி ஆடுகிறார்களே, அந்த வரிசையில் ஒருத்தி. ஒத்திகையில் குதித்து இறங்கும்போது இடது முழங்கால் திருகிவிட்டது. "டொப்புன்னு ஒரு சத்தம் டாக்டரம்மா. பக்கத்துல நின்னவளுக்கே கேட்டுச்சு" என்றாள். முழங்காலுக்குள் குறுக்கே போகும் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. திரும்பினால் கால் நழுவிக்கொண்டு போய்விடும்.

அவளுடைய கவலையில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை.

"எனக்கு பழைய மாதிரி சுத்தணும். அவ்ளோதான். லைன்ல ஒருத்தி பிசகுனா டான்ஸ் மாஸ்டர் கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடும். அடுத்த தபா கூப்பிட மாட்டாங்க. எனக்கு வேற வேல தெரியாது."

நீங்கள் செய்யப் போகிற அறுவைதான் அவளுக்கும். அதே காலின் பின்தொடையில், தசையை எலும்போடு கட்டுகிற இரண்டு தசைநாண்களை உருவி எடுக்க வேண்டும். அவற்றை மடித்து, முனைகளை நூலால் தைத்து, அறுந்துபோன தசைநாருக்குப் பதிலாக எலும்பில் துளை போட்டு உள்ளே செலுத்த வேண்டும். மேல்முனையை மாட்டிவிட்டு, கீழ்முனையில் தொங்கும் நூலைப் பிடித்து இழுத்து இறுக்கி ஸ்க்ரூ போட வேண்டும். இந்த ஒட்டுத் தசைநாணைத்தான் நாம் கிராஃப்ட் என்கிறோம். அதற்கும் நம் கைக்கும் இடையில் இருக்கிற ஒரே பிடி நூல்தான். அதனால்தான் நூல் என்றால் நமக்கெல்லாம் அவ்வளவு ஆசை.

அந்தச் சமயத்தில்தான் புது நூல் வந்து இறங்கியது. கம்பெனிக்காரர் எங்கள் டீ ரூமுக்கு வந்து, ஜன்னல் கம்பியில் நாங்கள் வழக்கமாகப் போடும் பச்சை நூலைக் கட்டி, அதில் குடிதண்ணீர் கேனைத் தொங்கவிட்டார். நூல் பட்டென்று அறுந்தது. கேன் உருண்டு போய் சோபாவுக்கு அடியில் புகுந்தது. பிறகு வெள்ளையும் நீலமும் கலந்த புது நூலில் அதே கேனைத் தொங்கவிட்டார். அது ஊஞ்சல் ஆடியது. நாங்கள் எல்லாரும் முட்டை போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தோம்.

என்னோடு சேர்ந்து அறுவை செய்யும் டாக்டர் முரளிக்கு அந்த நூல்மேல் காதலே வந்துவிட்டது. முரளி என்னைவிட இளையவர். கைத்திறமையில் கெட்டிக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் வேகம். நூலை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் ரத்தம் கோடு போட்டது.

"பாருங்க மேடம், என் விரலையே கிழிச்சிடுச்சு. ஆனா நூலுக்கு ஒண்ணும் ஆகல!" என்று பெருமையாகக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். அவர் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இரண்டாவது போண்டாவை எடுத்தார். எலும்பு மருத்துவம் படித்தவர்கள் அத்தனை பேர் அந்த அறையில் இருந்தோம். விரலைக் கிழிக்கிற நூல் தசைநாணை என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரேவதியின் அறுவை அதற்கு அடுத்த வாரம், ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார் மயக்க மருத்துவர் பானு. லேசாகத் தூங்க வைக்கும் மருந்தும் தருவது வழக்கம். ரேவதி வேண்டாம் என்றுவிட்டாள்.

"தூங்கிட்டா என் காலுக்கு இன்னா பண்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த டிவிய இந்தப் பக்கம் திருப்பி வைங்க, நானும் பாக்குறேன்."

முழங்காலுக்குள் விட்ட கேமராவின் படம் ஓடுகிற திரையை பானு அவள் பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரம், "அது இன்னா வெள்ளையா கீது? எலும்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பானு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பேச்சு நின்றது. நெஞ்சுக்கு மேலே குறுக்காகக் கட்டிய பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்பதே எங்களுக்கு மறந்துபோனது. இந்த மறதி நம் தொழிலுக்கே உரியது. துணிக்கு இந்தப் பக்கம் வெறும் முழங்கால்தான் நம் கண்ணில் படுகிறது.

முரளி பக்கத்து மேஜையில் புது நூலால் கிராஃப்டைத் தைத்தார். தையல் நெருக்கமாக, வரிசையாக, பார்க்க அழகாக இருந்தது. ரேவதி ஒடிசலான பெண், தசைநாண்களும் மெலிசு. கிராஃப்டை இழுத்துப் பார்ப்பதற்கென்றே இருக்கும் பலகையில் மாட்டி லேசாக இழுத்துப் பார்த்தோம், நின்றது. உள்ளே செலுத்தி மேல்முனையை மாட்டினோம். நான் கீழ்முனை நூல்களைக் கையில் சுற்றிக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தேன். கிராஃப்ட் படிவதற்காக முரளி முழங்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிக் கொடுத்தார்.

திடீரென்று என் கை பின்னால் போனது.

சத்தமே இல்லை. நூல் அறுந்தால் சுண்டிவிட்ட மாதிரி கையில் தெரியும். அப்படி எதுவும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் நூல் முழுசாக, முடிச்சு அவிழாமல், புத்தம் புதிதாக என் கையில் இருந்தது. அதன் கண்ணிகளில் வெள்ளை வெள்ளையாகத் தசைநாணின் நார்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நூல் தசைநாணை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எத்தனையோ வருஷம் முழங்கால்களைத் திறந்து மூடியிருக்கிறேன், நூல் ஜெயித்து உடம்பு தோற்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

கீழே இருந்த முனைகளில் பாதி பிய்ந்துவிட்டது, பாதி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாமே பிய்ந்திருந்தால் யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது. பாதி நின்றதுதான் ஆபத்து. மிச்சத்தை இழுத்துப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் அது அன்றைக்கு நிற்கும். எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும். தையல் பிரிக்க வரும்போதும் கால் நன்றாகவே இருக்கும். அவள் ஆடப் போகிற அன்றைக்குத்தான் இருக்கிறது சங்கதி.

தொடையில் ரத்தத்தை நிறுத்தக் கட்டியிருந்த பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைக்கவும் முடியாது. பானு கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முரளி என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார்:

"ஸ்க்ரூ வில் ஹோல்ட், மேடம். நோபடி வில் நோ."

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நோபடின்னா எனக்குக் கூடவா தெரியக்கூடாது டாக்டர்?"

கருவிகளை எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார். முரளியின் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. பதறிப்போன மனிதன் எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வான்.

"மும்பை மாஸ்டருங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் திட்டுவாங்க. எனக்கு நல்லாவே புரியும்" என்றாள் ரேவதி. "இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க."

கையை மறுபடி கழுவி உடுத்திக்கொள்ள வேண்டியிருக்குமே என்றெல்லாம் யோசிக்காமல் நான் துணிக்கு அந்தப் பக்கம் சுற்றி அவள் தலைமாட்டுக்குப் போனேன். கவசத்தை இறக்கி என் முகத்தைக் காட்டினேன். கிராஃப்டில் பாதி கிழிந்துவிட்டது என்றேன். நூல் கிழித்தது, உன் உடம்பில் குறை எதுவும் இல்லை என்றேன். அவள் கண்களில் இருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைக்கக் கை எட்டவில்லை. பானு துடைத்துவிட்டார்.

"இப்ப ரெண்டு வழி இருக்கு ரேவதி. எல்லாத்தையும் வெளிய எடுத்து, கிழியாத இடத்துல வேற நூல் போட்டுத் தைச்சு, மறுபடி உள்ள விடலாம். நீளம் கொஞ்சம் குறையும், பத்தும்னு நினைக்கிறேன். பத்தலேன்னா வலது கால்ல இருந்து எடுக்கணும். அதுக்கு நீ கையெழுத்து போடல. வெளிய உங்க அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட..."

"அம்மாவ கேக்காதீங்க" என்றாள் சட்டென்று. "பயத்துல எல்லாத்துக்கும் சரின்னுடும். வலது கால தொடாதீங்க டாக்டரம்மா. இது சரியாவலேன்னா கூட நான் அதுலதான நிக்கணும்?"

"அப்ப பத்தலேன்னா இன்னிக்கு அப்படியே மூடிடுவேன். இன்னொரு நாள், நல்லா யோசிச்சு நீ முடிவு பண்ணின பிறகுதான் மிச்சம். சம்மதமா?"

"சம்மதம். ஆனா சும்மா ஒட்ட வெச்சி மட்டும் அனுப்பிடாதீங்க. நீங்க சொல்லலேன்னாலும் ஆடும்போது தெரிஞ்சிடும்."

அதே முழங்காலின் முன்பக்கத்திலிருந்து வேறு தசைநாண் எடுத்திருக்கலாமே என்று உங்களில் புத்திசாலிகள் இந்நேரம் முணுமுணுத்திருப்பீர்கள். மண்டியிட்டு ஆடிப் பிழைக்கிறவளுக்கு அந்த இடத்தில் காலமெல்லாம் வலியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவும் அவளிடம் கேட்காமல் எடுக்கக்கூடிய ஒன்றல்ல.

பட்டையைத் தளர்த்திக் காலுக்கு ரத்தம் ஓட விட்டோம். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மேலே மாட்டியதை அவிழ்த்து கிராஃப்டை வெளியே எடுத்தார் முரளி. எடுத்த விதத்தில் ஒரு நார்கூடச் சேதமாகவில்லை. அந்தக் கை அப்படிப்பட்ட கை. அலமாரியின் அடித்தட்டில் மிச்சம் கிடந்த பழைய பச்சை நூலை சிஸ்டர் தேடி எடுத்து வந்தார். தண்ணீர் கேனைத் தாங்காத அதே நூல்.

இந்த முறை நான் தைத்தேன். கிழிந்த பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, முழுசாக இருந்த இடத்தில், ஒவ்வொரு தையலுக்கும் நடுவே இடம் விட்டு, இழுத்தால் நூல் தசைநாணைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும்படி போட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. பலகையில் மாட்டி, லேசாக அல்ல, முழங்காலில் எவ்வளவு பலமாக இழுப்பேனோ அவ்வளவு பலமாக இழுத்தேன். இழுத்தபடியே நின்றேன். முரளி குனிந்து தையலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருக்கு மேடம்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய அடுத்த வார்த்தை அதுதான்.

"மேடம், மருந்து ரொம்ப நேரம் தாங்காது" என்றார் பானு. "கால் கட்டை விரல் அசையுது. ரேவதி, முழுசாத் தூங்க வெச்சிடட்டுமா?"

"முடியட்டும். அப்புறம் தூங்குறேன்" என்றாள் ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு.

கிராஃப்ட் உள்ளே போனது. நீளம் பற்றியும் பற்றாமலும் வந்து நின்றது. இழுத்தேன், முரளி மடக்கி நீட்டினார். கை பின்னால் போகவில்லை. ஸ்க்ரூவை இறுக்கினோம், நூல்களைக் கீழே எலும்பில் தனியாகவும் கட்டிவைத்தோம். வெளியே போய் அவள் அம்மாவிடம் நடந்ததை நானே சொல்லலாம் என்று கையுறையைக் கழற்றினேன். "நான் போறேன் மேடம்" என்று முரளி முந்திக்கொண்டார். ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அவரைத் திட்டிய திட்டு காரிடார் முழுக்கக் கேட்டது. அவர் நின்று கேட்டுக்கொண்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை முரளி என்னைத் திருவல்லிக்கேணிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கறிக்கடை. கடைக்கார பாய்க்கு முரளியைத் தெரியும். அவருடைய இடுப்பு எலும்பைச் சரி செய்தவரே முரளிதான்.

"ஆட்டுக்கால் நெறய வேணும் பாய். நாரு அறுபடாம."

"பாயாவுக்கா டாக்டர் சாப்? வீட்ல விசேஷமா?"

"இல்ல பாய், தைச்சுப் பாக்கணும்."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "செத்த ஆட்டுக்கு ஆப்ரேஷனா? யா அல்லா!" என்றவர், இரண்டு பை நிறையப் போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கத் தைத்தோம், தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்தோம். நாங்கள் கண்டதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆட்டுக்கால் ஆட்டுக்கால்தான். ஆனால் பார்க்கப் பார்க்க எங்களுக்குத் திகைப்பு கூடிக்கொண்டே போனது. தானே கரைந்துபோகும் நூல் முடிச்சிலேயே அறுந்தது. பச்சை நூல் கடைசியில் அறுந்தது, ஆனால் தசைநாணை விட்டுவைத்தது. புது நூல் ஒரு தடவைகூட அறுபடவில்லை. நெருக்கமாகத் தைத்த ஒவ்வொரு தசைநாணையும் பிளந்துகொண்டு வந்தது. கூடவே வழுக்குகிற நூல் வேறு. பழைய நூலுக்குப் போடுகிற மாதிரி முடிச்சுப் போட்டால் மெல்ல நழுவியது. அதே நூலை இடம் விட்டு, பூட்டுகிற மாதிரி, கூடுதல் முடிச்சோடு போட்டபோது எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கியது. அதே சரக்கில் நாடா மாதிரித் தட்டையாக வருவது இன்னும் மேல்.

ஆக, புது நூலில் குற்றம் இல்லை. ஜன்னல் கம்பியில் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு நூலைப் பரீட்சை பார்த்தோமே, அதில்தான் கோளாறு. நோயாளிக்குள் நூல் தனியாக இருப்பதில்லை. எந்தத் தசைநாணில், எந்தத் தையலில், யார் கையில் என்று சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் எந்த நூல் என்ற கேள்விக்கே அர்த்தம் வரும். முழங்காலுக்குள் எவ்வளவு இழுப்பீர்களோ அவ்வளவும் முதலில் வெளியே பலகையில் இழுங்கள். கிழிவதானால் அங்கேயே கிழியட்டும்.

இன்னொன்றும் அன்று முதல் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் வழக்கமானது. நோயாளி விழித்திருந்தால், ஆரம்பிப்பதற்கு முன் யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும்: "ரேவதி முழிச்சிருக்காங்க." நோயாளியின் பெயர் முருகேசனாக இருந்தால் முருகேசன். துணியைக் கட்டிய பிறகு இன்னொரு முறை. இதை ஆரம்பித்து வைத்தவர் முரளி. உங்களிடம் சொல்லச் சொன்னவரும் அவர்தான். தன் பெயரை மறைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் அடையாறில் என் கிளினிக்குக்கு ரேவதி வந்தாள். முரளியும் அன்று என்னோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அறுவை செய்த இடது காலில் நின்று, சர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். திட்ட வாயைத் திறந்தேன்.

"இருங்க டாக்டரம்மா, இத பாத்துட்டுத் திட்டுங்க" என்று போனை நீட்டினாள்.

புதுப் பாட்டு ஒன்றின் காட்சி. கதாநாயகனுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய கூட்டம் குதித்தது, மண்டியிட்டது, சுற்றியது. "நான் எங்க கீறேன், கண்டுபுடிங்க" என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முரளி நோயாளிகளின் நடையைப் பார்த்தே எந்த மூட்டில் கோளாறு என்று சொல்லிவிடுகிறவர். அவர் போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தேடினார். பாட்டு முடிந்துவிட்டது. எங்களால் முடியவில்லை.

ரேவதி முரளியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நோபடி வில் நோ, டாக்டர்" என்றாள்.

முரளியின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு, "இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா" என்று போனை அவளிடம் நீட்டினார். அவள் மறுபடி முதலிலிருந்து போட்டாள். இரண்டாம் தடவையும் எங்களால் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.